ஓடிக்கினு கீது

சத்துவாச்சாரி இரண்டாம் கட்டத்தில்
மதியம் இரண்டு பத்துக்கு மின்சாரம் போகும்.
மின்விசிறி மூன்று சுற்று கடனுக்குச் சுற்றிவிட்டு நிற்கும்.
வைஃபை பெட்டியின் பச்சைக் கண்கள்
ஒவ்வொன்றாய் அவியும்.
கருந்திரையில் எழுத்து உறைந்துபோகும்.

முதல் வருடம் இதற்காக அழுதிருக்கிறேன்.
பாலாற்றங்கரைக் கிணறுகளில்
உப்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்ற கணக்கு,
பதினோரு மணி நேரம் ஓடியது,
இங்கே கம்பி அறுந்ததும் அங்கே செத்தது.
மறுபடி முதல் கிணற்றிலிருந்து.

கஜபதிதான் சொன்னான்,
கிரீன் சர்க்கிள் நெரிசலில்
ஒடுகத்தூர் பஸ்ஸின் ஹாரனுக்கு மேல் கத்தி:
"நீ ஏன் அதும் கைய புட்சிக்கினே கீற?
உள்ள ஒரு ரூம் போட்டு வுட்டுட்டு வா.
கதவ சாத்தினாலும் அது பாத்துக்கும்."

கன்ட்ரோல் பி. பிறகு டி.
அவ்வளவுதான், பிரிந்து வந்துவிடலாம்.
கணக்கு உள்ளேயே இருக்கும்,
எந்தக் கடலுக்கு அப்பாலோ
முகம் தெரியாத இயந்திரத்தில், குளிரில்.
நான் போய் இலவம்பாடிக் கத்திரிக்காய் அரைக் கிலோ வாங்கி,
காம்பு முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே வந்து திறந்தால்
நூற்று நாற்பதாவது கிணற்றில் நின்றுகொண்டிருக்கும்.
ஏன் போனாய் என்று கேட்காது.

பாலாறு மாதிரி, மணலுக்கு அடியில் ஓடுது
என்று ஒருமுறை ஆரம்பித்தேன்.
"வேணாம்" என்றான்.
"இந்த ஊர்ல எத எழுதினாலும் அத்த இட்டாந்துடறீங்க."

ஒரே அறைக்குள் இருவர் நுழையலாம் என்பது
தற்செயலாகத்தான் தெரிந்தது.
இரவு பதினொன்றரை.
நான் தொடாத விசைகளில் என் திரையில் எழுத்து விழுந்தது:

# துன்னியா

முன்னால் அந்த வேலிக்குறி இருந்தால்
இயந்திரம் வரியைப் படிக்காது,
ஆணை இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளும்.
வேலிக்குப் பின்னால் பேசினோம்.
கருந்திரைக்குத் தமிழ் சரியாக வராது,
கொம்பும் காலும் தள்ளித்தள்ளி நிற்கும்.

# துன்னேன். நீ
# மோர்சோறு. கணக்கு இன்னா ஆச்சி
# ஓடிக்கினு கீது

ஐப்பசியில் ஓசூர் வேலைக்குப் போனான்.
ஆற்காட்டு மக்கன் பேடா, ஒரு கைக்கடிகாரம், குரூப் போட்டோ.
அடுத்த திங்கள் அறையைத் திறந்தால் கடைசி வரியில்

# எப்சிபா நாளைக்கு

அதற்குப் பின் சுட்டி மட்டும் துடித்துக்கொண்டு.

நாளைக்கு என்ன?
எண் இருக்கிறது, கேட்டிருக்கலாம்.
இருநூற்றுப் பன்னிரண்டு நாள்
பக்கத்துச் சன்னலில் வேலை பார்த்துவிட்டு
இந்தச் சன்னலில் ஒரு விசையும் தொடாமல் வெளியே வந்தேன்.
எதை அழுத்தினாலும்
அது வேறு வாக்கியம் ஆகிவிடும்.

வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது.
ஞாயிறு காலை நான்கு மணிக்கு
இயந்திரம் அணைத்து ஏற்றப்படும்.
ஓடும் எதுவும் மிஞ்சாது. சேமித்துக்கொள்ளவும்.

முந்நூற்றுப் பதினேழு கிணறுகளைச் சேமித்தேன்.
சனி இரவு கடைசியாக உள்ளே போனேன்.
மூன்றரைக்குத் திரை சட்டென்று சுருங்கியது,
ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாய்.
யாரோ சின்னத் திரையோடு நுழைந்தால் அப்படித்தான் ஆகும்,
பெரிய திரை சின்னதுக்கு இடம்விட்டு ஒடுங்கும்.
கைபேசியிலிருந்து வந்திருக்கிறான்.
அவனுக்கும் அந்த மின்னஞ்சல் போயிருக்கிறது.

நான் விரலை மடக்கி வைத்துக்கொண்டேன்.
சுட்டி பின்னால் நகர்ந்தது.
முதலில் உகரம் போனது.
பிறகு க. பிறகு புள்ளி. இன்னொரு க.
ஐகாரக் கொம்பு.
ள.
கால் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அதுவும், ந-வும்.

# எப்சிபா

புள்ளிகள் மறைந்தன. திரை பழையபடி அகலமானது.
காட்பாடிப் பக்கம் சரக்கு ரயில் ஒன்று
நெடுநேரம் கடந்துகொண்டிருந்தது.
நான் என்டர் தட்டினேன்.
இயந்திரம் வழக்கம்போல் படிக்கவில்லை.
கீழே காலி வரி வந்தது.

திங்கட்கிழமை
அமர்வு எதுவும் இல்லை என்றது.
புது அறை போட்டேன், பெயர் வைக்கவில்லை.
முந்நூற்றுப் பதினெட்டாவது கிணறு,
ஓடிக்கினு கீது.
இரண்டு பத்துக்குக் கரண்ட் போச்சு.