விலங்கின் பெயர்

ஆலங்காயம் தாண்டி மூன்றாவது வளைவில்
லாரி அடித்துப் போட்டிருந்தது.
முதுகில் கோடு.
விலாவில் யாரோ பேனா உதறியதுபோல் புள்ளிகள்.

படிவத்தில் முதல் கட்டம்: விலங்கின் பெயர்.

மரநாய், என்றான் கிளீனர்.
நாய் எங்கே இருக்கிறது இதில்?
புனுகுப்பூனை, என்றார் டாக்டர் ஜெபசெல்வி,
பூனையும் இல்லைதான் என்று
அவரே முனகிக்கொண்டு.
பால் கேனோடு மலையிறங்கிய வேடியப்பன்
வண்டியை நிறுத்தாமலே சொன்னான்:
நாவி.

ஆபீசில் கிழிந்த அகராதி ஒன்று உண்டு.
நாவி என்றால் புழுகாம், கஸ்தூரியாம்,
கொஞ்சம் தள்ளி ஒரு விஷக் கிழங்காம்.
தொப்புளும் அதுதானாம்.
இந்த மலைக்கே ஜவ்வாது என்று பெயர்.
வாணியம்பாடி முனவர் பாய் கடையில்
அதே பெயர் சின்ன டப்பாவில் கிடைக்கிறது.
இப்பல்லாம் இதுல மிருகம் கிடையாது சார், என்பார்,
ஏதோ நான் புகார் சொன்னதுபோல.

ரேஞ்சர் என் நாவியை அடித்துவிட்டு
'பூனை வகை' என்று எழுதினார்.

அவரிடம் ஒன்று சொல்லவில்லை.
அளவெடுக்கப் புரட்டியபோது
அதன் மடிக்காம்புகள் ஈரமாயிருந்தன.

இருட்டியபின் திரும்பிப் போனேன்.
உன்னிப்புதருக்குள் குனிந்து
எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல்
கையை நீட்டி வைத்திருந்தேன்.
மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத வாடை.
அவற்றுக்குத் தெரிந்த பெயர்
அது ஒன்றுதான்.

அரைமணி நேரம்.
டார்ச் மங்கியது.
கீழே இன்னொரு லாரி கியர் மாற்றி
வளைவை ஏறிக்கொண்டிருந்தது.