பதினேழாம் கம்பி

திரையின் அடியில் அந்த வரி மறுபடியும் வந்தது:
பதினேழாம் எண் குறுக்கீடு. யாரும் கண்டுகொள்ளவில்லை.
கம்பி முடக்கப்படுகிறது.

பொம்மசந்திராவில் மணி ஒன்றேகால்.
தகரக் கூரையில் மே மாதத்து மழை.
மேசைமேல் எங்கள் பலகை,
உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது,
காலையில் மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்ட வேண்டியது,
தொட்டும் அசையாத தொடுதிரையோடு.

சம்பத் ஐதாள் அந்த வரியைக் கன்னடத்தில் சொன்னான்:
"யாரூ கேளலில்ல."
எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
கேள் என்றால் எங்கள் இருவருக்கும்
காதும் அதுதான், வினாவும் அதுதான்.

நடப்பது இவ்வளவுதான்.
ஒரே கம்பியில் மூன்று சாதனங்கள்.
ஏதோ ஒன்று கம்பியை இழுத்துப் பிடிக்கிறது.
கெர்னல் செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு,
பாதிக் கூட்டலையும் நின்ற இடத்தையும்
அடுக்கில் பத்திரமாக வைத்துவிட்டு
ஓடி வருகிறது.
தொடுதிரையின் டிரைவரை எழுப்பி, உன்னுடையதா?
இல்லை.
வைஃபை சில்லின் டிரைவரை, உன்னுடையதா?
இல்லை.
திரும்பிப் போய்க் கூட்டலைக் கையில் எடுக்கும் முன்
மறுபடி.
லட்சம் முறை ஓடிவந்து, அதில்
தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல் ஏமாந்தால்
அதன் பொறுமை முடிகிறது.
யாரோ எழுதி வைத்த எண் அது.
கம்பியை மூடிவிடுகிறது.
தப்பே செய்யாத தொடுதிரையும் சேர்ந்து ஊமையாகிறது.

மூன்றாவது சாதனம் சுற்றுப்படத்தின் மூலையில் ஒரு சிறு கட்டம்.
யு9.
அதற்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்த பான்ஷாய் லிங்டோ
பிப்ரவரியில் வேலையை விட்டுப் போய்விட்டார்.
அவர் விட்டுப்போன கோப்பின் கடைசி வரி:
இதைப் பிறகு பார்க்க வேண்டும்.

"வாயை அடைச்சிடு" என்றான் சம்பத்.
"ஒரு பிட். காலைல டெமோ ஓடிடும்."
ஒரு பிட்தான். நானும் தட்டி முடித்துவிட்டேன்.
என்டர் அழுத்தும் முன்
தேநீர்க் கோப்பைக்கு நீட்டிய கை
பலகையில் உரசியது.

சுட்டது.

உழைத்த சூடு இல்லை,
தண்ணீர் தெளித்தால் சீறும் தோசைக்கல்லின் சூடு.
யு9 ஒரு வெப்ப உணரி.
பலகைக்குக் கீழே விசிறியின் இணைப்பு
ஒரு மில்லிமீட்டர் பதியாமல்
தொங்கிக்கொண்டிருந்தது.

எரிகிறேன் எரிகிறேன் என்று
விநாடிக்கு எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருக்குமோ.
மூன்று நாளாக நாங்கள்
சத்தத்தை நிறுத்தத்தான் வழி தேடினோம்.

சம்பத் கட்டைவிரலால் அழுத்தினான். டக்.
விசிறி தொண்டையைச் செருமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.
லிங்டோவின் கோப்பைத் திறந்து மீதியை எழுதினோம்.
கூப்பிட்டது நீயா என்று பார், அளவை வாசி,
கேட்டுவிட்டேன் என்று பதில் சொல்.
குறுக்கீட்டுக்குள் அவ்வளவு போதும்,
நீளமான வேலையெல்லாம் வெளியே, வரிசையில்.
மூன்றரைக்குத் தொடுதிரை
என் ஈர விரலுக்கு விழித்துக்கொண்டது.
சம்பத் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான்.

கிளம்பும்போதுதான் கைப்பேசியைத் திருப்பினேன்.
குடியிருப்புக் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு செய்திகள்.
204-இல் குளியலறைக் கூரை ஒழுகுகிறது, யார் வீட்டுக் குழாய்?
எங்களது இல்லை.
எங்களதும் இல்லை.
நடுவில் யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து.
தண்ணீர் டேங்கர் கணக்கு.
மறுபடி 204, இந்த முறை படத்தோடு.

நான் 304.
குழுவை ஊமையாக்கிய அன்று
எட்டு மணிநேரம், ஒரு வாரம், எப்போதும் என்று கேட்டது.
எதை அழுத்தினேன் என்பது நன்றாகவே நினைவிருக்கிறது.

ஓசூர் சாலையில் ஓர் ஆட்டோவும் நிற்கவில்லை.
திரையில் விழும் மழையைத் துடைத்துத் துடைத்துத் தட்டினேன்:
என்னுடையதாக இருக்கலாம். வந்துகொண்டிருக்கிறேன்.