மணியின் நாக்கு

உதகையில் மூன்று நாள் பயிற்சி.
இரண்டாம் நாள், தயிர்சாதத்துக்குப் பிறகு
ஒரு படிவம் கொடுத்தார்கள்.
ஏழாவது கேள்வி:
மாற்றுத்திறனாளி ஒருவரை முதன்முதலில் சந்தித்த அனுபவம்.
இரண்டு வரி இடம்.

'சந்தித்த' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது.
தவராசாவை நான் சந்திக்கவில்லை.
ஒரே சாக்கில் படுத்தோம்.

மண்டபம் முகாமில் வந்த காய்ச்சல்
காதுகளை வைத்துக்கொண்டு
அவனை மட்டும் நடுவட்டத்துக்கு அனுப்பியது.
லயத்தில் ஏழாம் வீடு.
பள்ளிக்கூடத்தில் எனக்கு 'சிலோன்' என்று பெயர்.
அவனுக்குப் பெயரே வைக்கவில்லை,
கூப்பிட்டால் திரும்பாதவனுக்கு எதற்கென்று.

மூடுபனி இறங்கும்போது
அம்மா கொழுந்துக்கூடையோடு மேலே,
அவன் கீழே எங்கோ.
கூவி அழைக்க முடியாத பிள்ளை.
சந்தையில் ஒரு வெண்கல மணி வாங்கி
அரைஞாணில் கட்டிவிட்டாள்.
அவனைத் தவிர எல்லோருக்கும் கேட்கிற மணி.

"ஒன் தம்பியாடா, கன்னுக்குட்டியா?"
என்றான் கணக்கப்பிள்ளை மகன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்.

அன்று சாயங்காலம் மணியை அவிழ்த்தேன்.
நாக்கை விரலால் அழுத்திப் பிடித்து
கால்சட்டைப் பைக்குள் இறக்கினேன்.
அரை மணி நேரத்தில் மலை இல்லை, பாதை இல்லை,
நீட்டிய கை எனக்கே இல்லை.
லயமே டார்ச்சோடு தேடியது.
நானும் தேடினேன்,
ஓடினால் சத்தம் வருமென்று
நடந்தே தேடினேன்.

எட்டு மணிக்கு ஃபேக்டரிப் பின்சுவரில் இருந்தான்.
இரண்டு உள்ளங்கையும் ஒரு கன்னமும்
சுவரோடு ஒட்டி.
உள்ளே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.
பிய்த்தெடுக்க வந்த அம்மாவின் கையை இழுத்து
அதையும் சுவரில் வைத்தான்.
அடிக்க ஓங்கிய கை. கொஞ்ச நேரம்
அங்கேயே இருந்தது.

மணி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
இன்றுவரை.

இப்போது என் வகுப்பில் முப்பத்தொரு பேர்.
வீட்டில் படுகு பேசும் நால்வர்,
பனியர் பாடியிலிருந்து இருவர்,
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்தவர்களின்
பிள்ளைகள் ஒன்பது.
அதில் சுக்மணி டோப்போவின் காதுக்கருவிக்கு
பேட்டரி தீர்ந்து இருபது நாள்.
தலைமையாசிரியர் நல்ல மனிதர்.
"சட்டையில ஒரு மஞ்சப் பட்டை குத்திடலாம் சார்,
பார்க்கறவங்க ஒதவுவாங்கல்ல."
வேண்டாம் என்று மேசையில் அறைந்துவிட்டேன்.
டம்ளர் உருண்டு டீ கொட்டியது.
அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், துடைத்தார்.

பட்டை வேண்டாம் என்கிற நான்தான்
பனி இறங்கினால் அவளை மட்டும்
வாசல் தாண்ட விடுவதில்லை.
போன வெள்ளிக்கிழமை என் கையை உதறிவிட்டுப் போனாள்.
கதவைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டு நின்றேன்.
நூற்று நாற்பதில் திரும்பி வந்தாள்,
முடியெல்லாம் நீர்த்துளி,
என்னைப் பார்க்காமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.
அன்று முழுவதும் பார்க்கவில்லை.

படிவம் வாங்க வந்துவிட்டார்கள்.
'உங்க ஸ்கூல்ல உங்க அணுகுமுறையப் பத்தி
ரொம்ப நல்லா சொல்றாங்க சார்' என்றார் பயிற்சியாளர்.
தலையாட்டினேன்.

ஏழாவதில் எழுதியிருந்தேன்:
என் தம்பி. திருப்பூரில் பவர்டேபிள் டெய்லர். நலம்.
இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது.