சில்லு

பாயான் லெப்பாஸில் நான் பார்ப்பதும் சில்லுதான்.
நகத்தைவிடச் சிறியது. எண்ணி மாளாத கால்கள்.
கண்ணாடிக்கு அடியில் வைத்து,
நல்லது ஒரு தட்டில், கெட்டது ஒரு தட்டில்.
பதினோரு வருடம்.
அந்த அறைக்குள் மணம் கூடாது.
பவுடர், பூ, கைக்குப் பூசும் கிரீம், எதுவும்.
வெள்ளை அங்கி, முகமூடி, தலைக்கு உறை,
நாலு பக்கமும் காற்றடிக்கும் கூண்டில்
கையைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டு
யாருமில்லாதவளாய் உள்ளே போகவேண்டும்.

ஓய்வு நாளில் இன்னொரு சில்லு இருக்கிறது.

லெபோ ஆச்சே பக்கம் குத்தூஸ் கடை.
அத்தர் குப்பிகளுக்குப் பின்னால் இரும்புப் பெட்டி,
நகைக்கடைத் தராசு.
அகில் கட்டை, கிராம் முப்பத்தெட்டு வெள்ளி.
அரை கிராம் போதும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை,
அதனால்தான் மறுபடியும் அங்கேயே போகிறேன்.
"தண்ணியில போட்டா முங்கும்மா, அசல் சரக்கு."
வீட்டில் போட்டுப் பார்த்தேன்.
முங்கவில்லை. மிதக்கவும் இல்லை.
டம்ளரின் நடுவில் நின்று
யோசித்துக்கொண்டிருந்தது.

ரெலாவ் பிளாட், பதினேழாவது மாடி.
மின்விசிறியை நிறுத்தினேன்.
ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது.
கரி வேண்டாம், கரி அவசரக்காரன்.
சின்ன மின்தட்டு, அதன்மேல் அப்ரகத் தகடு,
தகட்டின்மேல் நெல்மணி அளவு ஒரு துண்டு.
பசை காயவைக்கும் அடுப்போடு பழகியவள் நான்,
எடுத்ததும் நூற்றைம்பது வைத்தால் காரியம் கெடும்.
நூற்றுப் பத்தில் வைத்துவிட்டுப்
பாத்திரம் கழுவப் போனேன்.
புகை கண்ணில் பட்டால் நான் தோற்றேன்.
மணம் மட்டும் வரவேண்டும்,
ஆள் வராமல் பேச்சுச் சத்தம் மட்டும்
மாடிப்படி ஏறுவதுபோல.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு சோப்பு நுரைக்கு நடுவே
பின்கழுத்தில் யாரோ ஊதியதுபோல் ஒரு குளிர்ச்சி.
சூட்டிலிருந்து குளிர்ச்சி, இதை எப்படிச் சொல்ல?
ஏலக்காயின் தோல்.
பீரோவின் கீழ்த்தட்டு.
நனைந்த செப்புக்காசு.
அப்புறம், மன்னிக்கவும், மாட்டுக் கொட்டில்.
அதுதான் எனக்குப் பிடித்த இடம்.
நாலு நிமிடம்கூட நிற்பதில்லை.

அந்த நாலு நிமிடத்தில்தான் கதவு தட்டுகிறது.
எதிர்வீட்டு மேடம் ஊய், மலாயில், தணிந்த குரலில்,
யாராவது இறந்துவிட்டார்களா?
இல்லை.
போனில் கீழ்மாடி ரொஸ்னித்தா:
மணம் இங்கேவரை வருது, வீட்டில் விசேஷமா?
இல்லை.
தம்பி நவநீதன் காலுறையைக் கழற்றிக்கொண்டே,
இன்னிக்கு எந்தச் சாமிக்கு?
சாமி மாடம் அந்தப் பக்கம் இருக்கிறது பார்,
நான் வைத்திருப்பது சோபாவுக்குப் பக்கத்தில்.
அப்ப யாருக்கு?
மூக்குக்கு.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.
கொஞ்சம் கழித்துப் பார்த்தேன்,
கதவு ஒருக்களித்திருந்தது.

காயம் பட்ட மரத்தில்தான் இந்த வாசனை ஊறுமாம்.
குத்தூஸ் சொன்னார். எல்லோரும் சொல்கிறார்கள்.
சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறார்கள்.
விவாகரத்து ஆனவளிடம்
உவமை விற்பது சுலபம்.
நான் காசு கொடுத்தது அரை கிராம் கட்டைக்கு மட்டும்.

பத்தரை மணிக்குச் சூட்டை ஏற்றினேன்.
கசப்பு வந்தது, கருகும் முன் அணைத்தேன்.
கறுத்த துண்டைத் தூக்கிப் போடவில்லை,
மாத்திரை டப்பாவில் இருக்கிறது.
அதில் இன்னும் ஏதோ மிச்சம் உண்டு.

மறுநாள் காலை ஷிப்ட்.
இரண்டு தடவை ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊற்றினேன்.
கூண்டில் கையைத் தூக்கி ஒரு சுற்று,
பயத்தில் இன்னொரு சுற்று.
தூசி எண்ணும் இயந்திரம் சுவரில்
பச்சை எழுத்தில் பூஜ்யம் காட்டியது.
உட்கார்ந்தேன். குனிந்தேன்.
நல்லது. நல்லது. கெட்டது. நல்லது.
முகமூடிக்குள் என் மூச்சு போய்த் திரும்பியது,
மூன்றாவது தட்டு நிறையும்போது
லேசாக,
மாட்டுக் கொட்டில்.