முக்கால் விநாடி

மன்னார்குடியில், உரக்கடை மாடியில்,
யூரியா நெடிக்கு நடுவே எழுதினோம் அதை:
நெல் கொள்முதலுக்கு டோக்கன் தரும் செயலி.
தொட்டதும் திறக்க வேண்டும்,
பழைய போனிலும், ஒற்றைக் கோடு சிக்னலிலும்.
பட்டியல் முழுவதையும் ஒரே படமாக வரைந்துவிட்டால்
முக்கால் விநாடி என்றான் நிஜாமுதீன்.
வரைந்தோம்.
மதகு தூக்கிய கோரையாறு மாதிரி ஓடியது.
கூத்தாநல்லூரிலிருந்து அவன் கொண்டுவந்த தம்ரூட்டில்
எனக்கு அன்று இரண்டு துண்டு கூடுதல்.

தை எட்டாம் நாள் போன் வந்தது,
இடும்பாவனத்திலிருந்து. பெயர் செங்கொடி.
"உங்க ஆப்பத் தொறந்தா
என் போனு ஊமையாயிடுதும்மா.
எனக்குக் கண்ணு தெரியாது, காதுலதான் படிக்கிறேன்.
மேகம் கட்டுதுங்கறாங்க,
நெல்லு தார்ப்பாய்க்குக் கீழ கெடக்கு.
என் நம்பர் என்ன?"

நாற்பத்தேழு என்றேன்.
பிறகு கண்ணை மூடி என் செயலியைத் தடவினேன்.
திரைவாசிப்பான் சொன்னது: "படம்."
எங்கே தொட்டாலும் படம்.
நூற்றிருபது பெயர்களைக் குழைத்துப் பூசிய சுவர்.

பிரித்தோம், வரிக்கு வரி, பெயருக்குப் பெயர்.
பழைய போன் திணறியது.
திறக்க இரண்டு விநாடி, உருட்டினால் விக்கல்.
"இந்த போனையும் ஒரு விவசாயிதானே வச்சிருக்கார்?"
நிஜாம் கேட்டதும் நியாயம். அதுதான் எரிச்சல்.
மூன்று நாள் முகம் பார்க்காமல் வேலை செய்தோம்.
திறக்கும்போது ஆடுமே ஒரு கதிர்,
நான் வரைந்தது, அது போனது.
நிழல்கள் போயின.
பெயர்கள் பத்துப் பத்தாக வந்தால் போதும் என்றானது.
ஒன்று புள்ளி ஒன்று.
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

சோதிக்க இடும்பாவனம் போனேன்.
அவர் நெல் இன்னும் வரிசையில்தான்.
செங்கொடி போனைக் காதில் வைத்தார்.
தகரத்தில் கேழ்வரகு கொட்டிய மாதிரி ஒரு சத்தம்.
எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.
"நாலு மடங்கு வேகத்துல வச்சிருக்கேன்," என்றார்.
"முன்னால பதினோரு பேரு.
அதுல ராசகோபாலு நெல்லு ஈரம், திருப்பிடுவாங்க.
வைரக்கண்ணுக்கு இருவது மூட்டைதான்.
நாளைக்கு மத்தியானம் எனக்கு வந்துடும்."

நான் இன்னும் முதல் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஒரு கொறை," என்றார், எழுந்துகொண்டே.
"தொறக்கறப்ப லேசா இழுக்குது.
அத மட்டும் பாரும்மா."