அறுபதாவது ராடு

அது பாட்டு இல்லை.
பாட்டென்றால் யாராவது அழவேண்டும், அல்லது
யாரையாவது கூப்பிடவேண்டும்.
இதில் ஆளே கிடையாது.
டும் டும் டும் டும்,
நாலு. மறுபடி நாலு.
பதினாறு நாலுக்கு அப்புறம் ஒரு ஸ்ஸ் சேரும்,
கம்ப்ரசர் மூச்சு விடுகிற மாதிரி.

கோவாவில் ஓர் ஓட்டலுக்கு போர் போட்டபோது
மதிலுக்கு அந்தப்பக்கம்தான் முதலில் கேட்டது.
நேத்தாம் சொன்னான், பஸ்தர்க்காரன்,
திருச்செங்கோட்டு வண்டியில் எட்டு வருசமாய் ராடு தூக்குகிறவன்:
"அண்ணா, அங்கியும் ரிக்கு ஓடுது."
ரிக்கு இல்லை. ஆடிக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் உடம்பெல்லாம் கல்மாவு.
கேட்டில் விடமாட்டார்கள் என்பது கேட்காமலே தெரியும்.
மதிலில் சாய்ந்து நின்றோம்.
முதுகு வழியாக வந்தது.
எந்தப் பாட்டும் எனக்கு அந்த வழியில் வந்ததில்லை.

அப்புறம் போன் நிறைய அதுதான். ஹவுஸ், டெக்னோ.
வித்தியாசம் கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
ஹவுஸ் செம்மண், இறங்க இறங்க ஈரவாசம் வரும்.
டெக்னோ கருங்கல்.
எனக்குக் கருங்கல்தான்.
அதிலும் ஒன்று, பேர் தெரியாது,
ட்ராக் ஏழு என்றே போனில் வரும்.

குண்டடம் பக்கம், மாசி, ராத்திரி ரெண்டு மணி.
அவினாசியப்பன் காட்டில் நாற்பத்தெட்டாவது ராடு.
ராடு ஒன்று இருபது அடி.
ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டும் கூடும்.
வெறும் புழுதி. தென்னைகள் மாவு பூசி நின்றன.
கட்டிலைத் தூக்கிவந்து போட்டவர்
உட்காரவே இல்லை.

எனக்கோ, சொல்லக் கூச்சமாக இருக்கிறது,
அது நல்ல ராத்திரி.
ஒரு காதில் ட்ராக் ஏழு, மறு காதில் ஹாமர்.
ஹாமர் வெகு வேகம், ஒத்தே போகாது,
ஆனாலும் பத்தடிக்குள்
ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்.
ராடு மாற்றும்போது ஹாமர் நிற்கும்.
ட்ராக்கிலும் அப்படி ஓர் இடம்:
அடியெல்லாம் எடுத்துவிட்டு
காற்றை மட்டும் விட்டுவைத்திருப்பான்.
எப்போ எப்போ என்று வயிறு காத்திருக்கும்.
அன்றைக்கு ரெண்டும் ஒன்றாக நின்று
ஒன்றாக விழுந்தன.
லீவரைப் பிடித்தபடியே தோள் ஆடிற்று. கால் ஆடிற்று.

அவர் பார்த்துவிட்டார்.

கிட்டே வந்தார். காதைப் பார்த்தார்.
"ஏனுங் தம்பி, இதுல தண்ணி ஓடறது கேக்குமுங்களா?"

தேங்காய் வைத்துப் பார்த்தாயிற்று.
மெசின் கொண்டுவந்தவனுக்கும் ஐயாயிரம் கொடுத்தாயிற்று.
இதுவும் ஒரு மெசின் என்று நினைத்திருக்கிறார்.
இல்லைங்க என்பது நாக்குவரை வந்தது.
அதற்குள் தொங்கிக்கொண்டிருந்த இன்னொன்றைத்
தானே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.
கண்ணை மூடினார். கையைத் தூக்கினார்,
யாரும் பேசாதீங்க என்று.
நேத்தாம் ஸ்பேனரோடு என்னைப் பார்த்தான்.
நாலு. மறுபடி நாலு.
அந்த ட்ராக்கை அத்தனை கவனமாய்
உலகத்தில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்,
அதைப் போட்டவன் உள்பட.

"ஆழத்துல அடிக்குதுங்" என்றார்.
"தூரந்தான். ஆனா வருது.
இன்னும் பன்னண்டு ராடு போடுங்க."

பன்னிரண்டும் புழுதி.

விடிய விடிய ராடுகளை உருவி அடுக்கினோம்.
அந்தப் பன்னிரண்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்ல
வண்டி என்னுடையதல்ல.
மேனேஜர் நோட்டை ரெண்டுதரம் எண்ணினார்.
அவினாசியப்பன் எங்களுக்கு டீ வாங்கிவந்தார், தூக்குப்போசியில்.
என் டம்ளரில் ஊற்றும்போது
சமாதானம் சொல்கிறவர்போலச் சொன்னார்:
"இன்னும் கீழ இருக்குதாட்ட இருக்குதுங்.
நமக்குத்தான் பணம் பத்துல."

ட்ராக் ஏழை அழிக்கவில்லை.
போன வாரம் சித்தூர்ப் பக்கம், லாரி மேல் படுத்துக் கேட்டேன்.
காற்று மட்டும் மிஞ்சுகிற அந்த இடத்தில்
ஒரு கை மேலே போகிறது,
யாரும் பேசாதீங்க என்று.
அடுத்த அடி விழுகிறது.
கை இறங்கவில்லை.