கழித்தது போக

சம்கோரி மெட்ரோ படிகளுக்கு அடியில்
ஊச்சாவின் கடை.
கை நீட்டினால் இரு சுவரும் இடிக்கும்.
திபிலீசியில் மழை பிடித்தால்
மேலே நடக்கிறவர்களின் பூட்ஸ் ஈரம்
கூரையில் ஏதோ ஒரு தேசத்தின் வரைபடமாக ஊறும்.

மாக்வாலா மடிக்கணினியைத்
தலையணை உறையில் போட்டு எடுத்துவந்தாள்.
"ஐந்து வருஷம் ஆச்சு.
மூவாயிரத்து இருநூறு லாரி கொடுத்தேன்."
(அந்த ஊரில் லாரி என்றால் பணம்,
மூட்டை ஏற்றுவது இல்லை.
ஆனாலும் அவள் சொன்ன விதத்தில்
பாரம் இருந்தது.)

கொடுத்த விலை ஊச்சாவின் காதில் ஏறாது.
யானை இறந்தாலும் ஆயிரம் பொன்.
கணினி, பெட்டியைத் திறந்தாலே பாதி.
இதே வயசில், இதே ஜாதியில்
இந்த வாரம் மூன்று விற்றிருக்கின்றன.
ரொட்டி சுற்றிவந்த தாளைத் திருப்பி
தொள்ளாயிரம் என்று எழுதினான்.

பிறகு கழித்தல்.
எண்ணூற்றுப் பதினொரு முறை ஏறி இறங்கிய பேட்டரி:
நூற்று நாற்பது.
திறக்கும்போது முனகும் கீல்: நாற்பது.
தேநீர் சிந்தினீர்களா?
"சிந்தியது அதன் மேல் இல்லை, பக்கத்தில்."
பக்கத்துக்குக் கழிவு கிடையாது.
அழிக்கும் விசை மட்டும்
வழுக்கைத் தலைபோல் பளபளத்தது.
"என்ன வேலை உங்களுக்கு?"
"கோர்ட்டில் மொழிபெயர்ப்பு.
பெரும்பாலும் விவாகரத்து மனு."
இருபது கழித்தான்.
தன் பங்கு நூறு; அதையும் அவள் கண் முன்னாலேயே.
அறுநூறு.

அவள் பேரம் பேசவில்லை.
பேரம் பேசாதவர்களிடம்
ஊச்சாவுக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.
ஒருமுறை உள்ளே பார்த்துவிடலாம் என்று
பத்துத் திருகாணியையும் கழற்றினான்.

எட்டு இருக்கவேண்டிய இடத்தில்
முப்பத்திரண்டு.
விரல் நீளத்தில் பச்சைப் பட்டை,
தூசிகூடப் படியவில்லை.
சொல்லாமல் மூடியிருக்கலாம்.
மூடியும் கையில்தான் இருந்தது.
மேலே ஒரு ரயில் வந்து,
நின்று, போகும்வரை
அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

"மெமரி மாற்றியிருக்கிறீர்களே.
நூற்றிருபது கூட்டணும்.
எழுநூற்றிருபது."

"நான் மாற்றவில்லையே."
கொஞ்ச நேரம் பச்சையைப் பார்த்தாள்.
"மாடு மாதிரி நகருது என்று
ஒரு ராத்திரி கத்தினேன்.
நுக்சார் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.
தூசி தட்டினேன் என்றுதான் சொன்னான்."

பிறகு சொன்னாள்:
"எடுத்துவிடு. அது என்னுடையது இல்லை."

எடுத்தால் பழைய எட்டு ஒன்று போடணும்,
அதற்கு முப்பது குறையும் என்றான்.
குறையட்டும் என்றாள்.
ஐந்நூற்று எழுபதை இருமுறை எண்ணினாள்.
பட்டையை பஸ் அட்டைக்குப் பக்கத்தில் செருகி,
காலி உறையை மடித்துக்கொண்டு
மழைக்குள் ஏறிப் போனாள்.
நூற்றைம்பது லாரி நஷ்டம்.
ஊச்சா கணக்கைச் சரிபார்த்தான்.
சரியாகத்தான் இருந்தது, அதுதான் உறுத்தியது.

கணினி அந்த வாரமே போய்விட்டது.
கால்நடை மருத்துவம் படிக்கிற ஒரு பையன்.
எழுநூறு கேட்டான் ஊச்சா,
அறுநூற்றெண்பதுக்கு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து
குனிந்து உள்ளே வந்தார் ஒரு நெட்டை மனிதர்.
தபால் முத்திரை குத்திய கவர்.
உள்ளே கடிதம் இல்லை,
பச்சைப் பட்டை மட்டும்.
"யார், எதற்கு அனுப்பினார்கள் என்று எழுதவே இல்லை.
இதற்கு என்ன கொடுப்பீர்கள்?"

கணினிக்குள் இருந்தால் நூற்றிருபது.
தனியாக வந்தால் அறுபது.
சந்தை நிலவரம் அப்படி,
யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஊச்சா தாளைத் திருப்பினான்,
பென்சிலை நாக்கில் தொட்டான்,
எங்கிருந்து கழிக்கத் தொடங்குவது என்று பிடிபடாமல்
"நாளைக்கு வாங்க" என்றான்.